தாம்பரத்துக்கு ஜமீன்தார் யார்?

ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் ஒரு சௌகரியம் உண்டு. நீங்கள் 'பாரன்' ஆவதற்கு உங்கள் அப்பா பாரனாக இருந்திருக்க வேண்டியதில்லை. தாத்தாவும் வேண்டாம். கையில் காசிருந்தால் போதும். யாராவது ஒருத்தர் தன் பாரன் பட்டத்தை விற்க வருவார். வக்கீலை வைத்துப் பத்திரம் முடித்து வாங்கிக்கொள்ளலாம். மறுநாளிலிருந்து நீங்கள் 'இன்ன ஊர் பாரன்'! அந்த ஊரில் ஒரு செடி நடக்கூட உங்களுக்கு இடமிருக்காது என்பது வேறு விஷயம்.

முன்பு அப்படி இல்லை. அந்தக் காலத்து ஸ்காட்லாந்து ராஜா, யுத்தத்துக்கு ஆள் அனுப்புகிற பிரபுவுக்கு ஒரு வட்டாரத்தையே எழுதிக் கொடுத்துவிடுவார். அதுதான் 'பாரனி'. நிலம், மாவு மில், குடியானவர்கள் எல்லாம் அதில் அடக்கம். பாரனுக்குச் சொந்தமாகக் கோர்ட்டு உண்டு. திருடனைத் தூக்கில் போடலாம். திருடியைக் குழித் தண்ணீரில் முக்கிக் கொல்லலாம். 'குழியும் தூக்குமரமும்' என்றே அந்த அதிகாரத்துக்குப் பெயர். 1745-ல் ஒரு பெரிய கலகம் வெடித்த பிறகுதான் லண்டன் பார்லிமெண்ட் விழித்துக்கொண்டு, 1747-ல் சட்டம் போட்டு, பாரன்களின் பல்லைப் பிடுங்கியது. நிலமானிய முறையே 2004 நவம்பர் 28-ம் தேதி ஒழிந்தது. நிலம் வேறு, பட்டம் வேறு என்று ஆனது. கழன்று விழுந்த அந்தப் பட்டத்தைத்தான் இப்போது விற்கிறார்கள்.

"அதுக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்? நான் தாம்பரத்துல அரை கிரவுண்ட் பார்த்துட்டிருக்கேன்..." என்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த அரை கிரவுண்டும் ஒரு காலத்தில் இப்படி எழுதிக் கொடுக்கப்பட்ட ஒரு பெரிய சொத்தின் துண்டுதான்.

ஜமீன் என்றதும் நமக்கு ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் என்றுதான் ஞாபகம் வரும். சினிமாவில் பார்த்த தலைப்பாகை, முறுக்கு மீசை, ஊஞ்சல், சாட்டை எல்லாம் வரிசையாக வரும். தாம்பரம் - பல்லாவரம் - வண்டலூர் பக்கம் அப்படி யாரையும் கேள்விப்பட்டதில்லையே? நியாயம்தான். ஏனென்றால் இந்த வட்டாரத்தின் பிரபுவுக்கு மீசை கிடையாது. தலைப்பாகை கிடையாது. ஆசாமியே கிடையாது. அது ஒரு கம்பெனி! லண்டனில் ஹெட் ஆபீஸ் வைத்து, பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கொடுத்துக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி.

கடன்பட்டார் நெஞ்சம்

கதை ஆற்காட்டு நவாப் முகம்மது அலியிடமிருந்து ஆரம்பிக்கிறது. அவருக்கும் சந்தா சாகிபுக்கும் நாற்காலிச் சண்டை. சந்தா சாகிபுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், முகம்மது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயர்கள். 1751-ல் ஆற்காட்டில் ராபர்ட் கிளைவ் கோட்டைக்குள் இருந்துகொண்டு முற்றுகையைத் தாக்குப்பிடித்தது இந்தச் சண்டையில்தான். முகம்மது அலி ஜெயித்தார். ஜெயித்த கையோடு பில்லும் வந்தது.

சிப்பாய் சம்பளம், வெடிமருந்து, பீரங்கி எல்லாவற்றையும் கம்பெனி நவாபின் கணக்கில் எழுதிவிட்டது. நாமெல்லாம் டெபிட், கிரெடிட் படித்தவர்கள். நவாபின் பேரேட்டில் டெபிட் பக்கம் மட்டும்தான் எழுதி எழுதி மாளவில்லை. கடைசியில் 1763-ல் மதராஸைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். ஜாகீர் என்றால், ஒரு வட்டாரத்தின் வரி வருமானத்தை அனுபவிக்கிற உரிமை. 1765-ல் டெல்லி பாதுஷா ஷா ஆலமும் இதை உறுதி செய்து ஃபர்மான் கொடுத்தார். ஆக, பாதுஷா மேலே, நவாப் நடுவே, கம்பெனி கீழே. ஸ்காட்லாந்தில் ராஜா, பாரன், குடியானவன் என்று அடுக்கியிருந்தார்களே, அதே அடுக்குதான்.

அடுத்துதான் வேடிக்கை. ஜாகீரை வாங்கிய கம்பெனி அதைத் தானே நிர்வாகம் செய்யவில்லை. திருப்பி நவாபுக்கே குத்தகைக்கு விட்டது! தன் சொத்தையே எழுதிக் கொடுத்துவிட்டு, அதிலேயே வாடகைக்குக் குடியிருக்கிற கதை. இன்றைக்கு இதற்கு 'சேல் அண்ட் லீஸ்பேக்' என்று கோட்டு சூட்டோடு பெயர் வைத்திருக்கிறார்கள். நவாப் அப்போதே செய்துவிட்டார், டை கட்டாமல்.

குத்தகைப் பணம் கட்ட வேண்டுமே? அதற்கும் கடன். கம்பெனியிடம் மட்டுமல்ல, கம்பெனியின் குமாஸ்தாக்கள், அதிகாரிகளிடமும் கடன். பால் பென்ஃபீல்டு என்று ஒரு ஆசாமி. கம்பெனியில் சாதாரண சம்பளத்துக்கு வந்தவர். கொஞ்ச வருஷத்தில் நவாப் எனக்கு இவ்வளவு தரணும், அவ்வளவு தரணும் என்று லட்சக்கணக்கில் கணக்குக் காட்டினார். ஆற்காட்டு நவாபின் கடன் விவகாரம் லண்டன் பார்லிமெண்ட் வரைக்கும் போய் நாறியது. 1785-ல் எட்மண்ட் பர்க் இதைப் பற்றியே நீண்ட சொற்பொழிவு நிகழ்த்திக் கிழித்தார். நவாபோ 1768-லேயே சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக்கொண்டு கடன்காரர்களுக்குப் பக்கத்திலேயே குடிவந்திருந்தார். வசதிதானே!

இவ்வளவு வட்டியையும் கடைசியில் கட்டியது யார் என்று கேளுங்கள். சேப்பாக்கத்தில் இருந்தவர் இல்லை. மணிமங்கலத்திலும் பூந்தமல்லியிலும் மடை திறந்து நாற்று நட்டவன்தான் கட்டினான், நெல்லாக.

ஓலையில் எழுதிய கணக்கு

இதற்கு நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. தாமஸ் பர்னார்டு என்ற என்ஜினியர் 1767 முதல் 1774 வரை ஜாகீர் முழுக்க நடந்து சர்வே எடுத்தார். ஊருக்கு எத்தனை வீடு, எத்தனை காணி நிலம், ஏரி எத்தனை, குட்டை எத்தனை, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சுமார் 2,000 ஊர்களின் விவரம். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில், பனை ஓலையில் எழுதிக் கொடுத்த கணக்குகளே இதற்கு ஆதாரம்.

அந்தக் கணக்குகளில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. விளைச்சல் களத்துக்கு வந்ததும் சர்க்காருக்குப் போகிற பங்கு மேல்வாரம். குடியானவனுக்கு மிஞ்சுவது குடிவாரம். இரண்டுக்கும் முன்னாலேயே கோயில், ஏரி, கணக்குப்பிள்ளை, தலையாரி, தச்சன், வண்ணான், நாவிதன், வெட்டியான் என்று எல்லோருக்கும் குவியலிலிருந்து மரக்கால் கணக்கில் அளந்தார்கள். அதாவது நிலத்துக்கு 'ஒரே ஓனர்' என்ற நம் காலத்துப் பேச்சே அப்போது கிடையாது. ஒரே வயலில் பத்துப் பேருக்குப் பாத்தியதை.

அந்தப் பத்துப் பேரில் முதல் ஆள் காணியாட்சிக்காரர். பிற்காலத்தில் மிராசுதார் என்று பெயர். சில ஊர்களில் நிலத்தைப் பங்கு போட்டு நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டார்கள். அது அறுதிக்கரை. சில ஊர்களில் குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு தரம் சீட்டுக் குலுக்கி நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். அது பசுங்கரை. இதையெல்லாம் பிற்பாடு விசாரித்து எழுதியவர் எல்லிஸ் துரை. ஆமாம், திருவள்ளுவர் உருவத்தைத் தங்கக் காசில் பொறித்தாரே, அதே எல்லிஸ்தான். மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட 17 கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில் 1818-ல் அச்சானது.

ஏரியும் துரையும்

1780-ல் ஹைதர் அலி வந்தார். கர்நாடகச் சீமையே நடுங்கியது. செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கம்பெனிப் படையை நொறுக்கிவிட்டார். ஊர்கள் எரிந்தன. ஏரிகள் உடைந்தன. சனங்கள் உயிருக்குப் பயந்து மதராஸுக்கு ஓடி வந்தார்கள். தொடர்ந்து பஞ்சம். 1782-ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம்தான் மணியக்காரர் சத்திரம். இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு விதை அதுவே.

அதே 1780-ல்தான் கம்பெனி குத்தகையை முடித்துக்கொண்டு ஜாகீரை நேரடியாகக் கையில் எடுத்தது. எடுத்தபோது ஜாகீர் பாதி பாழ். சரிசெய்ய 1794-ல் வந்து சேர்ந்தார் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர். மனுஷர் வேலைக்காரர், ஆனால் கோபக்காரர். பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் "இவ்வளவு வரி கட்ட முடியாது" என்று சண்டித்தனம் செய்தபோது, அவர்கள் மிராசைப் பிடுங்கி வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். இன்னொரு பக்கம் ஏரிகளை மும்முரமாக ரிப்பேர் செய்தார். தர்ம சிந்தனை என்று நினைக்க வேண்டாம். ஏரி நிறைந்தால் வயல் விளையும். வயல் விளைந்தால் கஜானா நிறையும். சுத்தமான காமர்ஸ்.

மதுராந்தகத்தில் இவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கொட்டுகிற மழையில் ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று துரை ராத்திரி போய்ப் பார்க்க, ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றார்களாம். கரை தப்பித்தது. துரை சொன்னபடி தாயாருக்குச் சன்னதி கட்டிக் கொடுத்தார். 'ஏரி காத்த ராமர்' என்று பெயர் வந்த கதை அது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அந்தச் சன்னதியில் உள்ள கல்வெட்டில் அவர் 'கும்பினி ஜாகீர் கலெக்டர்' என்று குறிக்கப்பட்டிருப்பது நிஜம். இந்தச் சீமை ஒரு கம்பெனியின் ஜாகீராக இருந்ததற்குக் கல்லிலேயே சாட்சி!

ஏலம்... ஒரு தரம்... இரண்டு தரம்...

1802-ல் கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. வங்காளத்தில் செய்த மாதிரி இங்கேயும் நிரந்தர வரி போட்டு ஜமீன்தார்களை 'உற்பத்தி' செய்தால் என்ன? மறவர் சீமையிலாவது ஜமீன்தாராக ஆக்குவதற்குப் பழைய பாளையக்காரர்கள் இருந்தார்கள். செங்கல்பட்டில் அப்படி யாரும் இல்லையே? கவலையே படவில்லை. ஜாகீரைத் துண்டு துண்டாக மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். கூடுதல் விலை கேட்டவர் மிட்டாதார். ஸ்காட்லாந்துப் பாரன் பட்டம் விலைக்கு வருகிறது என்று சிரித்தோமே, இங்கே 200 வருஷத்துக்கு முன்பே அந்தக் கடை திறந்தாகிவிட்டது.

கடை ஓடவில்லை. மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லாவிட்டாலும் கிஸ்தி கட்டியாக வேண்டும். பல மிட்டாதார்கள் பாக்கி வைத்துத் திவாலானார்கள். மிட்டாக்கள் மறுபடி சர்க்காரிடமே வந்து விழுந்தன.

இந்த ஏற்பாட்டை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காமல் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். தாமஸ் மன்றோ. அவர் எந்த ஊர் என்கிறீர்கள்? ஸ்காட்லாந்து, கிளாஸ்கோ! 1780-ல், ஹைதர் அலி படையெடுத்த அதே வருஷம், சாதாரண கேடட்டாக மதராஸில் வந்து இறங்கியவர். 1820-ல் கவர்னரே ஆகிவிட்டார். நடுவில் ஜமீன்தார் எதற்கு, குடியானவன் பேரிலேயே பட்டா கொடுத்து அவனிடமே வரி வாங்கலாம் என்பது அவர் கட்சி. அதுதான் ரயத்துவாரி. பாரன்கள் நிறைந்த தேசத்திலிருந்து வந்தவர் நம் ஊரில் பாரன் வேண்டாம் என்றார்! அண்ணா சாலையில் தீவுத்திடல் அருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை மேல் இன்னும் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். உங்கள் பீரோவில் பட்டா என்று ஒரு காகிதம் இருந்தால், அதற்கு அவருக்கும் ஒரு சலாம் வைக்கலாம்.

தாம்பரத்துக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் புதியவர்களும் இல்லை. 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் மதராஸில் ஆரம்பித்த பள்ளிக்கூடம்தான் வளர்ந்து கிறிஸ்தவக் கல்லூரியாகி, சரியாக நூறு வருஷம் கழித்து, 1937-ல் சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது. மின்சார ரயில் 1931-லேயே தாம்பரத்தை எட்டிவிட்டது. அதன் பிறகு வயலெல்லாம் வரிசையாக மனையானது.

கணக்கில் வராத கை

எல்லாம் சரி. பாதுஷா, நவாப், கம்பெனி, மிட்டாதார், மிராசுதார், ரயத்து என்று பட்டியல் போட்டாயிற்று. சேற்றில் இறங்கி உழுதவன் எங்கே?

பெரும்பாலான ஊர்களில் உழுதவர்கள் சேரியில் இருந்த தலித் மக்கள். பண்ணையாள், படியாள் என்று பெயர். பட்டா அவர்கள் பேரில் இல்லை. குடிசை போட்ட மனைகூடப் பல இடங்களில் மிராசுதாருடையது. ஏதாவது எதிர்த்துப் பேசினால், "நாளைக்கே மனையைக் காலி பண்ணு". தரிசாகக் கிடக்கிற சர்க்கார் நிலத்தைக் கேட்டாலும் அதில் மிராசுதாருக்கே முன்னுரிமை. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர் இதையெல்லாம் பார்த்துக் கொதித்துப்போய் அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பினார். மூன்று வேளை கூழுக்கு இல்லை, துணி இல்லை, மண் இல்லை என்று வரி வரியாக நிலைமையை எழுதினார். அதன் விளைவாக 1892-ல் உத்தரவு வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனியாக நிலம் ஒதுக்கினார்கள். பஞ்சமி நிலம். நிபந்தனையும் போட்டார்கள். முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது. அதற்கப்புறம் விற்றாலும் தாழ்த்தப்பட்டவர்களுக்கே விற்க வேண்டும். மீறினால் விற்பனை செல்லாது.

காகிதத்தில் கச்சிதமாக இருந்தது. நடப்பில், கடனுக்கும் கல்யாணச் செலவுக்கும் மிரட்டலுக்கும் அந்த நிலங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறிப் போயின. காரணை கிராமத்தில் அப்படிப் போன நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்துப்போனார்கள். நவாப் 1763-ல் எழுதிக் கொடுத்த சீமையில், நிலம் யாருக்கு என்ற கேள்வி 231 வருஷம் கழித்தும் குண்டடி பட்டுத்தான் கிடந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் சட்டம் வந்து ஜமீன்கள் ஒழிந்தன. மிச்சமிருந்த இனாம்களை 1963-ல் ஒழித்தார்கள். 1980-ல் எம்.ஜி.ஆர். ஒரே கையெழுத்தில் கர்ணம், மணியக்காரர் பதவிகளையும் ஒழித்தார். ஆற்காட்டு நவாப் வம்சத்துக்கு 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. ராயப்பேட்டை அமீர் மகாலில் குடியிருக்கிறார்கள். நிலமில்லாத பட்டம், பாரன் மாதிரியே. ஒரே வித்தியாசம், இது விற்பனைக்கு இல்லை.

பத்திரம் பேசும்!

இப்போது உங்கள் அரை கிரவுண்டுக்கு வருவோம். "தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்" என்று போர்டு வைத்து, வேனில் ஏற்றி, குளிர்பானம் கொடுத்து மனை காட்டுவார்கள். நம்மாள் என்ன பார்ப்பார்? ரோடு அகலம், கிணற்றுத் தண்ணீர், கிழக்குப் பார்த்த மனையா, இ.எம்.ஐ. எவ்வளவு. அவ்வளவுதான். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய சாமர்த்தியசாலி.

வில்லங்கச் சான்று, பத்திரம் பதிந்த கதையை மட்டும்தான் சொல்லும். நிலத்தின் ஜாதகம் தாலுகா ஆபீஸில், 'அ' பதிவேட்டில் இருக்கிறது. சர்வே நம்பரைச் சொல்லி அதை எடுத்துப் பாருங்கள். நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, மேய்க்காலா, ஏரி உள்வாயா, கோயில் நிலமா, எல்லாம் அதில் தெரியும். குறிப்புக் கலத்தில் 'நிபந்தனை', 'டி.சி.' என்று ஏதாவது கண்ணில் பட்டால், வேன்காரர் கொடுத்த குளிர்பானத்துக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அது 1892-ல் இன்னொருவருக்குக் கொடுத்த மண். நிபந்தனையை மீறிய கிரயம் செல்லாது என்று கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. உங்கள் பணத்துக்கும் ஆபத்து, ஒரு ஏழைக் குடும்பத்துக்கும் துரோகம்.

ஏரி உள்வாய் என்றிருந்தாலும் அதே கதைதான். பர்னார்டு கணக்கெடுத்த காலத்திலிருந்து இந்த வட்டாரத்தின் உயிர் ஏரிதான். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பரில் மாடி வரை தண்ணீர் வந்தபோது சனங்கள் படகில் ஏறித் தப்பித்தார்கள். தண்ணீருக்குப் பட்டா மாறியது தெரியாது. அது பழைய கணக்குப்படி தன் இடத்துக்கே வரும். கரையில் காவல் நிற்க ஒவ்வொரு தடவையும் ராமரையே எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்றைக்கும் வருஷா வருஷம் தாலுகா ஆபீஸில் ஷாமியானா போட்டு ஜமாபந்தி நடக்கிறது. பசலி ஆண்டு ஜூலை 1-ம் தேதி பிறக்கிறது. தாசில்தார், தாலுகா, கிஸ்தி, பட்டா, சிட்டா... பாதுஷா போய், நவாப் போய், கும்பினியும் போய்விட்டது. அவர்கள் விட்டுப்போன வார்த்தைகள் மட்டும் ரப்பர் ஸ்டாம்பில் உட்கார்ந்திருக்கின்றன. அடுத்த ஜமாபந்திக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். கிராமத்துக் கணக்குகளை அங்கே கொண்டுவந்து வைத்திருப்பார்கள். உங்கள் சர்வே நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு முன்னால் அந்த மண்ணுக்கு யார் யார் பாத்தியதைப்பட்டவர்கள் என்று தெரிந்துகொண்டு அட்வான்ஸ் கொடுப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.